உடுமலைல இருந்து மூணாறு போற வழியில காடு ஏன் இத்தன தடவ மாறுது, மிருகமும் கூடவே ஏன் மாறுது?

தம்பி கேட்டிருந்தது இதுதான். உடுமலைல பஸ் ஏறி மூணாறு போயிருக்காரு. ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டுனா முள்ளுக்காடு, மறையூர் வந்தா சந்தனம், மேல ஏறுனா மஞ்சு, தேயிலை, அங்கங்க பள்ளத்துல இருட்டா ஒரு சோலைக்காடு, மூணு மணி நேரத்துல நாலு நாட்டுக் காட்ட பாத்த மாதிரி இருந்துச்சு, ஏன் இப்படின்னு ஒரு கேள்வி. தேயிலையும் பச்சை தானே, அதுல ஏன் மிருகம் தங்கறதில்லன்னு இன்னொண்ணு. கடைசியா, காந்தலூர் பக்கம் மொட்டையா ஒரு புல்லுமேடு கெடக்கு, காலேஜ் பசங்க சேந்து 500 கன்னு நடலாம்னு இருக்கோம், என்ன மரம் நடலாம்னு.

கடைசி கேள்விக்கு மொதல்ல சொல்லிடறேன். அந்த மேட்டுல எதுவும் நட்டுறாதீங்க தம்பி. ஏன்னு புரியணும்னா மத்த ரெண்டு கேள்வியும் புரியணும், அதனால பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், ஜில்லா பாலக்காடு, வீட்லயும் சந்தையிலயும் பேசறது தமிழ். விலங்கியல் படிச்சுட்டு இருபது வருஷமா ஆனமலை, பரம்பிக்குளம், சின்னாறுன்னு சர்வேக்கு வர்றவங்க கூட நடந்துட்டு இருக்கேன், பாத்ததும் படிச்சதும் ரெண்டும் கலந்துதான் எழுதறேன்.

மொதல்ல மழை. ஜூன்ல அரபிக்கடல் பக்கம் இருந்து வர்ற ஈரக்காத்து மலையில முட்டி மேல ஏறுது, ஏற ஏற குளிருது, குளுந்த காத்தால அவ்வளவு ஈரத்த தாங்க முடியாது, கொட்டிடுது. மலை தாண்டி இந்தப் பக்கம் எறங்கறப்ப அதே காத்து சூடாகி வறண்டு போய்தான் வருது. அதனாலதான் மூணாறு பக்கம் வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டர் தாண்டுது, நேர்கோட்டுல பாத்தா 35 கிலோமீட்டர்கூட வராத சின்னாறுல 500 மில்லிமீட்டர் கிட்டதான். அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைல பேயறது. எங்க பக்கமும் அப்படித்தான், சின்னக்கல்லாறு தமிழ்நாட்டுலயே அதிகமா மழை வாங்கற எடங்கள்ல ஒண்ணு, கீழ பொள்ளாச்சி ஆனமலைல தென்னைக்கு சொட்டுநீர் போட்டுட்டு ஒக்காந்திருக்கோம்.

அடுத்தது உயரம். 1000 மீட்டர் ஏறுனா சுமாரா 6 டிகிரி குறையும். அடிவாரத்துல இருந்து 2695 மீட்டர் ஆனமுடி உச்சி வரைக்கும் கணக்குப் போட்டா 14 டிகிரி வித்தியாசம் வருது. மழையும் குளிரும் இப்படி மேல கீழ, மேக்க கெழக்கன்னு மாறிட்டே போறதால மலை பூரா ஒரே காடா இல்ல, பட்டை பட்டையா இருக்கு, சேலைக்கு கரை போட்ட மாதிரி. ஒவ்வொரு பட்டையிலயும் ஒரு கூட்டம் உயிருங்க. சில உயிரு எல்லா பட்டையிலயும் போய் வரும், யானை, காட்டுமாடு, சிறுத்தை மாதிரி. நெறைய உயிருக்கு ஒரே பட்டைதான் உலகம், அத விட்டு கீழ எறக்குனா தாக்குப்புடிக்கறது கஷ்டம்.

சின்னாறு சரணாலயத்தயே எடுங்க. மொத்தமே 90 சதுர கிலோமீட்டர்தான், ஆனா 400 மீட்டர்ல ஆரம்பிச்சு 2500 தாண்டிப் போகுது. கீழ கள்ளி, முள்ளு, நட்சத்திர ஆமை. மேல சோலை, அட்டை, புல்வெளி. நடுவுல பாம்பாறும் சின்னாறும் ஓடற கரையில மட்டும் மருதமரம், மாமரம், புங்கன்னு ஒரு பச்சை ரிப்பன் இருக்கு, அகலம் பல எடத்துல ஒரு கல்லு விட்டெறியற தூரம்தான். அந்த ரிப்பன்லதான் சாம்பல் நிற மலை அணில் இருக்கு, உலகத்துல தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் விட்டா வேற எங்கயும் கெடையாது. ஒரு ஏப்ரல்ல கரிமுட்டிக்கு கீழ ஆத்தோரமா ஒண்ண முக்கால் மணி நேரம் பாத்துட்டே ஒக்காந்திருந்தேன். மரம் விட்டு மரம் அப்படியே போகுது, வாலு உடம்பு நீளத்துக்கு இருக்கு, கிளை நுனியில தொங்கறப்ப அந்த வால வெச்சு எடை புடிக்குது. ஒரு எடத்துல வெள்ளத்துல மரம் ஒண்ணு சாஞ்சு முப்பது நாப்பது அடிக்கு கிளை தொடர்ச்சி விட்டுப் போயிருந்துச்சு. அணில் நுனி வரைக்கும் வந்துச்சு, முன்னங்கால மாத்தி மாத்தி வெச்சுச்சு, கீழ பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு, திரும்பிப் போயிருச்சு. நமக்கு அது ஒரு மரம், அதுக்கு ஊர் எல்லையே அங்க முடிஞ்சு போச்சு. பக்கத்துல நூறு அடி தள்ளி ஏக்கர் கணக்குல முள்ளுக்காடு கெடக்கு, அதுவும் காடுதான், சரணாலயம்தான், இந்த அணிலுக்கு அது ஒரு பிரயோஜனமும் இல்ல.

இதுதான் நான் சொல்ல வர்றது. இவ்வளவு ஏக்கர் காடு இருக்குன்னு கணக்கு சொல்றாங்களே, அத மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. எந்த உயரத்துல, எத்தன மழையில, என்ன மாதிரி காடு, அது மேலயும் கீழயும் அறுபடாம போகுதா, இத்தனையும் கேக்கோணும்.

உயரம் ஏற ஏற பொதுவா பறவை இனங்களோட மொத்த எண்ணிக்கை குறையும், ஆனா அங்க தவிர வேற எங்கயும் இல்லாத இனங்களோட பங்கு கூடும். ஏன்னா மலை உச்சிங்க எல்லாம் தீவு மாதிரி. கடலுக்கு பதிலா கீழ இருக்கற வெப்பம். எங்க பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலம், மலைத்தொடர்ல பெரிய ஓட்டை, ஆடிக்காத்து அந்த ஓட்டையிலதான் உள்ள வருது. கணவாய்க்கு வடக்க நீலகிரி சோலையில நீலகிரி சிரிப்பான்னு ஒரு குருவி, தெக்க ஆனமலை பழனியில அதே சாதிதான் ஆனா தனி இனம், பழனி சிரிப்பான். இன்னும் தெக்க செங்கோட்டைக் கணவாய் தாண்டுனா அகஸ்தியமலை பக்கம் இன்னொரு இனம், வடக்க வயநாட்டுல வேற ஒண்ணு. ஒரே மூதாதைதான், குளிர விட்டு கீழ எறங்கி வெயில்ல கணவாய தாண்ட மாட்டாம லட்சக்கணக்கான வருஷமா தனித்தனியா வாழ்ந்து ஆளே மாறிப்போச்சு. அவ்வளவு ஏன், நடந்தே கடக்கக்கூடிய யானையிலயே கணவாய்க்கு வடக்க தெக்க மரபணுல வித்தியாசம் இருக்குன்னு சாணிய எடுத்து சோதிச்சு கண்டுபுடிச்சிருக்காங்க. ஆனமுடி பக்கம் உச்சியில செவப்பு ஆரஞ்சு நெறத்துல ஒரு புதர்த்தவளை இருக்கு, 2010லதான் புது இனம்னு உலகத்துக்கு அறிவிச்சாங்க, ஆனமுடியையும் அதச் சுத்தி இருக்கற இரவிகுளம் மலையையும் விட்டா அதுக்கு ஊரே கெடையாது.

இப்ப மனுசன் கை வெச்ச கதைக்கு வர்றேன். வெட்டுனதும் கண்டபடி வெட்டல, பட்டை பட்டையாத்தான் வெட்டியிருக்கான். கீழ்ப் பட்டையில தேக்கு, அணை. டாப்ஸ்லிப்ல இருந்து பரம்பிக்குளம் வரைக்கும் வெள்ளக்காரன் காலத்துல வெட்டி எடுத்தது கொஞ்சமா நஞ்சமா, மரத்த மேல இருந்து சரிவுல உருட்டிவிட்டதாலதான் அந்தப் பேரே. அப்பறம் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துல ஆத்தோரத்து தாழ்ந்த காடெல்லாம் தண்ணிக்குள்ள போச்சு. இன்னிக்கு நாங்க பாசனம் பண்றது அந்தத் தண்ணியிலதான், நான் அத மறக்கல. நடுப் பட்டையில காப்பி, ஏலம், தேயிலை. வால்பாறை மேட்டுல 1890கள்ல ஆரம்பிச்சு சுமார் 220 சதுர கிலோமீட்டர் தோட்டமாச்சு, இப்ப அதுக்குள்ள துண்டு துண்டா மழைக்காடு தங்கி நிக்குது. மேல் பட்டையில சீகை (வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம்), பைன், கிராண்டிஸ்ங்கற கற்பூர மரம் (யூகலிப்டஸ்). பழனி மலையில மட்டும் நாப்பது வருஷத்துல புல்வெளி மூணுல ரெண்டு பங்கு போயிருச்சு.

வால்பாறை இருக்கற 700 மீட்டர்ல இருந்து 1400 மீட்டர் வரைக்கும் உள்ள அந்தப் பட்டைதான் வெடிப்பலா, பாலின்னு உசந்த மரம் நிக்கற பசுமைமாறாக் காடு. வெடிப்பலால பூவு கிளையிலயே கொத்துக்கொத்தா ஒட்டிட்டு பூக்கும், வேற பழம் அதிகம் இல்லாத மாசத்துல சோலைமந்திக்கு, அதாங்க சிங்கவால் குரங்குக்கு, அந்தப் பூவும் அப்பறம் அதோட கொட்டையும்தான் சாப்பாடு. அங்கத்த மலபார் மலை அணிலும் அதத்தான் திங்குது. அந்த மரம் தேயிலையில இல்ல. தேயிலைக்கு நடுவுல நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம், அதுல குரங்கு திங்க ஒண்ணும் இல்ல, இருவாச்சிப் பறவை கூடு வெக்க பொந்து இல்ல. நீங்க கேட்டீங்களே தேயிலையும் பச்சை தானேன்னு, கல்யாண மண்டபத்துல தோரணம் கட்டுனா அதுவும் பச்சைதான் தம்பி. ஒரே செடி, இடுப்பு உயரம், கீழ சருகு இல்ல, நெழல் இல்ல, பொந்து இல்ல. அது வழியா நடந்து போற மிருகம் உண்டு, காட்டுமாடு மேயும், சிறுத்தை நாய் புடிக்க வரும், யானை தாண்டிப் போகும். குடியிருக்கற உயிரு ரொம்பக் கம்மி.

துண்டுக் காட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு காலால நடந்து பாத்தாத்தான் தெரியும். தேயிலை ஓரத்துல இருந்து உள்ள நுழைஞ்சா மொத முப்பது நாப்பது அடிக்கு சருகு மொறுமொறுன்னு நொறுங்கும், உண்ணிச்செடி சட்டையப் புடிச்சு இழுக்கும், வெளிச்சம் கண்ணு கூசும். இன்னும் ஒரு முன்னூறு அடி உள்ள போய் குத்த வெச்சு ஒக்காந்து சருக அடுக்கடுக்கா தூக்கிப் பாருங்க. மேல் அடுக்கு காஞ்சிருக்கும், ரெண்டாவது ஈரம், மூணாவதுல எலையே இருக்காது, நரம்பு மட்டும் வலை மாதிரி நிக்கும், வெள்ள வெள்ளையா பூஞ்சை நூல், மண்ணு கையில ஒட்டும், சில்லுனு இருக்கும், அதுக்குள்ள ஒரு அட்டை உங்க விரலத் தேடி வந்துரும். ஒரு தடவ அப்படித் தூக்குனப்ப மெளகு அளவுல அஞ்சாறு முட்டை, கண்ணாடி மாதிரி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் காலு கையோட முழுத்தவளை சுருண்டு கெடந்துச்சு. புதர்த்தவளைக்கு தலைப்பிரட்டை பருவமே கெடையாது, குளம் வேண்டாம், முட்டைக்குள்ளயே தவளையாகி வெளிய வரும், ஆனா அதுக்கு அந்த ஈரம் ஒரு நாள்கூட விடாம வேணும். மெதுவா மூடி வெச்சுட்டு வந்தேன். திரும்பி வர்றப்ப ஓரத்து சருக தூக்குனேன், அடி வரைக்கும் காஞ்சிருந்துச்சு, எறும்புதான் ஓடுச்சு.

காடு துண்டானா ஏக்கர் மட்டும் குறையறதில்ல. ஓரம் கூடுது. காத்து பக்கவாட்டுல இருந்து அடிக்குது, வெயில் உள்ள எறங்குது, பெரிய மரம் சாயுது, அந்த வெளிச்சத்துல உண்ணிச்செடி ஏறுது, அது அடியில நம்ம மரத்துக் கன்னு மொளைக்க மாட்டேங்குது. சின்னத் துண்டுன்னா நடுன்னு ஒண்ணே இருக்காது, முழுசும் ஓரம்தான்.

இதுல படிச்சவங்களே ஏமாறுற ஒரு எடம் இருக்கு. ஓரத்துல நின்னு குருவி எண்ணுனா சில சமயம் நடுக்காட்ட விட எண்ணிக்கை அதிகமா வரும். கொண்டைக்குருவி, மைனா, செம்போத்து, தோட்டத்துப் பறவை எல்லாம் சேருதுல்ல. அறிக்கையில பல்லுயிர் கூடியிருக்குன்னு எழுதிருவாங்க. ஆனா கூடுனது நம்ம வீட்டுக் கொல்லையிலயும் இருக்கற குருவி, காணாம போனது அந்த மலைய விட்டா உலகத்துல எங்கயும் இல்லாத குருவி. எண்ணிக்கை மட்டும் பாக்கறவன் ஊர்ல கடை பெருகிடுச்சுன்னு சந்தோசப்படறான், பழைய குடித்தனக்காரங்க எங்க போனாங்கன்னு கேக்க மாட்டேங்கறான். மயிலும் அதே கதைதான். எங்க ஜில்லாவுல சூலனூர்ல மயிலுக்குன்னே சரணாலயம் இருக்கு, அது காய்ஞ்ச பூமிப் பறவை. இப்ப கேரளாவுல மேக்கால முன்ன மயிலே பாக்காத ஊருக்கெல்லாம் வந்துருச்சு. பாக்க அழகுதான், எனக்கு அதப் பாத்தா மனசுக்குள்ள பயம்தான் வருது, பூமி காயுதுன்னு அது சொல்ற மாதிரி இருக்கு.

வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் போனவங்க ரோட்டோரமா சோலைமந்தி பாத்திருப்பீங்க. சின்னத் துண்டுக் காட்டுல நூத்துக்கு மேல இருக்கு. மரத்த விட்டு எறங்காத குரங்கு, அங்க ரோட்டுல ஒக்காருது, தோட்டத் தொழிலாளிங்க லைன் வீட்டு ஓட்டப் பிரிச்சு உள்ள போகுது. பாக்கறவங்க குரங்கு பெருகிடுச்சுன்னு சொல்றாங்க. அந்தத் துண்டுல எண்ணிக்கை கூடியிருக்கலாம், ஆனா நெருங்கிப் போயிருக்கு. போக எடமில்ல. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவுல ரெண்டரை மூணு வருஷம் ஆகற சாதி அது, ஒண்ணு வண்டியில அடிபட்டா அத ஈடுகட்ட அத்தன நாளாகும். ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் மாதிரி கட்டி விட்டிருக்காங்க, அதுங்க அதுல போகுது, குட்டிய வயித்துல சுமந்துட்டு தாய் அதுல நடக்கறத பாத்தா அந்தப் பாலத்த கட்டுனவங்களுக்கு கும்பிடு போடத் தோணும்.

சில உயிருக்கு ஒரு பட்டை போதாது, பருவத்துக்கு ஏத்த மாதிரி பட்டைய மாத்தும். யானை கோடையில தண்ணியும் புல்லும் தேடி ஒரு எடம், மழையில ஒரு எடம். மலை இருவாச்சி எந்தக் காட்டுல அத்தி பழுத்திருக்கோ அங்க பறக்கும், போற வழியெல்லாம் கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய்னு பெரிய கொட்டையெல்லாம் வெதைச்சுட்டே போகும், அவ்வளவு பெரிய கொட்டைய முழுங்கி தூரமா கொண்டு போக வேற பறவை அதிகம் இல்ல. காடர் பழங்குடி ஆளுங்க இதோட கூடு இருக்கற மரங்கள தலைமுறையா தெரிஞ்சவங்க, வாழச்சால் பக்கம் அவங்களே கூடு காவல் பாக்கறாங்க. நடுப் பட்டை அறுந்தா இந்தப் போக்குவரத்து நிக்குது. அரிக்கொம்பன் யானை ஞாபகம் இருக்கும். 2023 ஏப்ரல்ல சின்னக்கானல்ல புடிச்சு பெரியார் காட்டுல விட்டாங்க, ஒரே மாசத்துல கம்பம் தெருவுல நின்னுச்சு, ஜூன்ல மறுபடி புடிச்சு களக்காடு முண்டந்துறைக்கு கொண்டு போனாங்க. யானைய லாரியில ஏத்தலாம், அது மனசுல இருக்கற வழிய ஏத்த முடியாதுங்க.

இதோட வெப்பமும் கூடுது. கீழ சூடேறுனா உயிருங்க குளிரத் தேடி மேல ஏறோணும். ஏர்றதுக்கு கீழ்க்காடும் மேல்க்காடும் தொட்டுட்டு இருக்கோணும். நடுவுல பத்து கிலோமீட்டர் தேயிலை கெடந்தா தவளை எப்படி ஏறும்? ஏற்கெனவே உச்சியில இருக்கறதுக்கு ஏற மேல எடமே இல்ல.

இப்ப உங்க புல்லுமேடு. மொட்டைன்னு எழுதியிருந்தீங்க, அந்த வார்த்தைதான் என்னைய இவ்வளவு எழுத வெச்சுது. வெள்ளக்காரன் வந்தப்பவும் அப்படித்தான் பாத்தான், சும்மா கெடக்குன்னு சீகையும் கற்பூர மரமும் நட்டான், சுதந்திரத்துக்கு அப்பறம் நாமளும் அதத்தான் செஞ்சோம். அந்த உயரத்துல பள்ளத்துல சோலை, மேட்டுல புல்லு, ரெண்டும் சேந்ததுதான் காடு. நீலகிரியில சேத்துமண்ண தோண்டி ஆராஞ்சதுல 20000 வருஷத்துக்கு முன்னாடியே அங்க புல்லு இருந்திருக்கு, யாரோ வெட்டி மொட்டையானது இல்ல. பனி உறையற ராத்திரிய புல்லு தாங்கும், சோலை மரத்துக் கன்னு திறந்த மேட்டுல தாங்காது. வரையாடு அந்தப் புல்லத்தான் நம்பி இருக்கு, 2025ல ரெண்டு மாநிலமும் ஒரே நேரத்துல எண்ணுனப்ப மொத்தமே 2668தான். நீலகிரி நெட்டைக்காலின்னு ஒரு குருவி புல்லுக்குள்ளயே கூடு வெக்கும், மரம் வந்தா அது போயிரும். குறிஞ்சியும் அந்த மேட்டுலதான், 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030. சீகை ஒரு தடவ புடிச்சா வெதை மண்ணுல வருஷக்கணக்கா தூங்கும், வெட்டுனா பத்து மடங்கா மொளைக்கும், எடுக்கறதுக்குள்ள உசுரு போயிரும். பழைய சீகைத் தோப்பு அடியில சில எடத்துல சோலைக் கன்னு தானா வந்திருக்கு, அங்க கண்ண மூடிட்டு வெட்டறதும் தப்பு, எடம் பாத்துத்தான் செய்யணும்.

பசங்களுக்கு கை துறுதுறுன்னு இருக்கும், எனக்குப் புரியுது, அந்த ஆசைய வீணாக்க வேண்டாம். வால்பாறைல துண்டுக் காட்டுல உண்ணிச்செடிய எடுத்துட்டு அதே உயரத்துல வளர்ற நாட்டு மரங்களா பாத்து நாத்தங்கால் போட்டு இருபது வருஷத்துக்கு மேலா நடறாங்க, அம்பது நூறு வகை கலந்து, வேகமா வளர்றது மட்டும் இல்லாம வெடிப்பலா மாதிரி மெதுவா வளர்றதும் சேத்து. காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மட்டும் வெக்காம நாட்டு நெழல் மரத்த விட்டு வெச்ச எடத்துல இருவாச்சியே வந்து போறத நான் பாத்திருக்கேன். புல்லுமேட்டுல செய்ய வேலை வேணும்னா வனத்துறை கிட்ட அனுமதி வாங்கி ரெண்டு மூணு வயசு சீகைக் கன்ன வேரோட புடுங்குங்க, அது நடறத விட கஷ்டமான வேலை, போட்டோவுக்கும் நல்லா இருக்காது.

அந்த எடத்தோட உயரம் எவ்வளவு, பள்ளத்துல சோலை ஒட்டிட்டு இருக்கா, அம்பது வருஷம் முன்ன அங்க என்ன இருந்துச்சுன்னு அங்கத்த முதுவான் பழங்குடி ஊர்ல பெரியவங்கள கேட்டு எழுதுங்க. புல்ல பக்கத்துல இருந்து நாலு போட்டோ எடுத்து போடுங்க, தூரத்துல இருந்து வேண்டாம், தரையில படுத்து எடுத்தது. 500 கன்னு வாங்கியாச்சுன்னா அத மட்டும் இப்ப நடாம தண்ணி ஊத்தி வெச்சிருங்க, என்னென்ன வகைன்னு பாத்துட்டு எந்த ஊருக்குப் போகோணும்னு சொல்றேன்.